நோயாளியும் நோன்பும்

ரஜப் பிறை பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு சுறுசுறுப்புத் தோன்றிவிடுகிறது. பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் எந்தெந்த நாளில் யார் யார் தருவது என்று ஜமாஅத்தார் கூடிப் பேசுகிறார்கள். தராவீஹ் தொழவைக்க நல்ல ஹாபிழ் ஒருவரைத் தேடி அலைகிறார்கள். இத்தனை முன்னேற்பாடுகளுக்கும் இடையே, அன்பு வாசகர்களே, ஓர் ஏற்பாட்டை மட்டும் நாம் மறந்து போகிறோம். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இருதய நோய்க்கும் ஆண்டுக் கணக்கில் மருந்துண்டு வரும் நம் வீட்டுப் பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "இவர்கள் இவ்வாண்டு நோன்பு நோற்கலாமா? நோற்பதானால் எந்த மருந்தை எவ்வேளையில் உட்கொள்வது?" என்று கேட்டு வைப்பதுதான் அந்த ஏற்பாடு.

கேட்பதில்லை, கேட்காமலே ஒவ்வொருவரும் தமக்குத் தாமே மருத்துவராகிவிடுகிறார்கள். காலை மாத்திரையைக் கைவிடுகிறார் ஒருவர். மூன்று வேளை மாத்திரைகளையும் மஃரிபுக்குப் பின் ஒன்றாக விழுங்கிவிடுகிறார் மற்றொருவர். ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, மாதம் முழுவதும் இன்சுலினை நிறுத்தி வைக்கிறார் இன்னொருவர். மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று சொல்லியதை மக்களிடம் மறைத்துவிட்டு நோற்கும் தாய்மார்களும் உண்டு. பிள்ளைகள் அறிவது ஆஸ்பத்திரியில்தான்.

இவர்களின் உள்ளத்தில் இருப்பது இறையச்சம் என்பதில் ஐயமில்லை. அந்த இறையச்சத்துக்கு வழிகாட்ட வேண்டிய அறிவு சென்று சேரவில்லை என்பதே நம் வருத்தம். அந்தப் பொறுப்பில் ஆலிம்களாகிய எங்களுக்கும் பெரும் பங்குண்டு.

திருமறையின் இரண்டாவது அத்தியாயத்தில் நோன்பு கடமையாக்கப்பட்ட செய்தி வருகிறது. கடமையைச் சொல்லிய அடுத்த வசனத்திலேயே நோயாளிக்கும் பிரயாணிக்கும் உள்ள சலுகை சொல்லப்படுகிறது. அதனை அடுத்த வசனம் ரமளானின் சிறப்பையும் அதில் திருக்குர்ஆன் அருளப் பெற்றதையும் கூறுகிறது. அங்கே அதே சலுகை இரண்டாம் முறையாக எடுத்தோதப்படுகிறது. அல்லாஹ் உங்களுக்கு எளிதானதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்தும் அதே வசனத்தில்தான் வருகிறது. கடமையை விதித்தவனே சலுகையையும் விதித்திருக்கிறான். முன்னதை ஏற்றுப் பின்னதைத் தள்ளுவதற்கு அடியானுக்கு ஏது உரிமை?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கிப் புறப்பட்டபோது நோன்போடுதான் சென்றார்கள். குராவுல் கமீம் என்னும் இடத்தை அடைந்தபோது, மக்கள் நோன்பினால் மிகவும் துன்புறுவதாகத் தெரிவிக்கப்பட்டது. அஸருக்குப் பின் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வரவழைத்து, மக்கள் யாவரும் காணும்படி உயர்த்திப் பிடித்து, அருந்தினார்கள். அதன் பின்னரும் சிலர் நோன்பை விடாதிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அவர்களைப் பக்திமான்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழவில்லை. மாறு செய்தோர் என்று இருமுறை கூறினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. பிரயாணத்தைப் பற்றியதாயினும், திருமறை பிரயாணியையும் நோயாளியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே கூறியிருக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

நோன்பு விடுவது வயதான காலத்தில் தமக்கு இழுக்கு என்று கருதும் பெரியவர்களுக்கு நான் வழக்கமாக ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைவூட்டுவேன். சிறு பிராயத்திலிருந்து பத்தாண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் ஊழியம் செய்தவர்கள். நூறாண்டை ஒட்டி வாழ்ந்தவர்கள். முதுமையில் நோன்பு நோற்க இயலாமற் போனபோது, ஓராண்டோ ஈராண்டோ, ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் அளித்தார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அனஸ் (ரலி) அவர்களைக் காட்டிலும் நாம் மார்க்கப் பற்றுடையவர்களா?

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறும் ஈண்டு எண்ணத்தக்கது. இளமையில் அவர்கள் நாள்தோறும் நஃபில் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தி, குறைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். தமக்கு வலிமை உண்டு என்று சொல்லி அவர்கள் மேன்மேலும் கேட்டுப் பெற்றார்கள். முதுமை வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த சலுகையை அன்றே ஏற்றுக்கொண்டிருக்கலாகாதா என்று ஏங்கினார்கள். இது உபரி வணக்கத்தைப் பற்றியது என்று சிலர் மறுத்துரைக்கக்கூடும். உண்மையே. ஆயினும் உடல் நமக்குச் சொந்தமான பொருளன்று, அமானிதம் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது.

அறியாமல் தீர்ப்புச் சொல்வோரைக் குறித்து ஓர் எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. அந்நிலையில் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதியில்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். குளித்தார், மாண்டார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் கடுஞ்சினமுற்றார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கூறி, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்வி கேட்பதே மருந்து என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் காணப்படும் இந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் நடுங்கும். "மனத்தில் உறுதி இருந்தால் நோன்பு பிடிக்கலாம், பாவா" என்று ஒரு சர்க்கரை நோயாளியிடம் நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

அந்தச் சர்க்கரை நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நம் சமுதாயத்தில் அது இல்லாத வீடு அரிது. 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2004இல் வெளியாயிற்று. இரண்டாம் வகை நோயாளிகளில், அதாவது நடுத்தர வயதில் பெரும்பாலோருக்கு வரும் வகையினரில், நூற்றுக்கு 79 பேர் ரமளானில் 15 நாட்களேனும் நோன்பு நோற்றிருந்தார்கள். ஆனால், இரத்தத்தில் சர்க்கரை அபாயமாகக் குறைந்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்வது, அவர்களிடையே மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகையினரிடம் அது ஐந்து மடங்கை நெருங்கியது.

சர்க்கரை கூடினால்தானே நோய், குறைந்தால் நல்லதல்லவா என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். கூடுவது நாளடைவில் கொல்லும். குறைவதோ ஒரு மணி நேரத்தில் கொல்லவும் கூடும். திடீர் வியர்வை, கைநடுக்கம், நெஞ்சு படபடப்பு, கண் மங்கல், பின்னர்ப் பேச்சுக் குழறல், மயக்கம் என்று அது வளரும். இஃப்தாருக்கு இன்னும் அரைமணி நேரமே இருக்கிறது, வாப்பா ஒரு மாதிரியாகப் பேசுகிறார் என்றால், அன்பர்களே, மோதினார் பாங்கு சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். நினைவோடு விழுங்கக் கூடியவராயின், உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். கால்மணி நேரம் கழித்து மீண்டும் பரிசோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அவ்வேளையில் நோன்பை முறிப்பது பாவமாகாது என்று சொல்வதும் போதாது. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று தெரிந்துவிட்டால் நோன்பை விடுவதே கடமை என்பது நம் இமாம்கள் வகுத்த சட்டம். நோன்பைக் களாச் செய்துகொள்ளலாம். வாப்பாவைக் களாச் செய்ய முடியுமா?

விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை. இதனை ஊரெங்கும் உரக்கச் சொல்ல வேண்டும். ஏனெனில், முறிந்துவிடும் என்ற அச்சத்தினாலேயே பலர் அம்மாதம் முழுவதும் சோதனை செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். உலக நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமளான் நோன்பு பற்றிய சர்வதேச மருத்துவர் குழுவும் சேர்ந்து 2016இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு 2021இல் அதனைப் புதுப்பித்தன. 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று அது கூறுகிறது. அளவு சரியாக இருந்தும் உடல் நலங் குன்றினால் அப்பொழுதும் விட வேண்டும். ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. ரஜப் மாதத்தைக் குறிப்பிட்டு நான் தொடங்கியதன் காரணம் அதுவே.

இனி ஊசியும் சொட்டு மருந்தும். 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உலகின் பல பாகத்து உலமாக்களும் மருத்துவர்களும் கலந்தாய்ந்த பின் சில முடிவுகளை வெளியிட்டது. தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் மருந்து ஊசிகளால் நோன்பு முறியாது. உணவுக்குப் பகரமாக நரம்பில் ஏற்றும் சத்து நீர் இதிற் சேராது. சோதனைக்கு இரத்தம் எடுப்பதாலும், பிராண வாயு அளிப்பதாலும், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையாலும், விழுங்காதவரை பல் வைத்தியத்தாலும் முறியாது. ஆகவே இன்சுலின் போட்டுக்கொள்வதற்கு எத்தடையும் இல்லை. 2021 ரமளானில் கொரோனாத் தடுப்பூசி பற்றிக் கேள்வி எழுந்தபோதும் பல நாடுகளின் முஃப்திகள் இதே அடிப்படையில்தான் பதிலளித்தார்கள்.

கண்ணில் விடும் சொட்டு மருந்தால் ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறிவதில்லை; தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரியே. காதுக்கும் மூக்குக்கும் இடும் மருந்தில் அந்த அகாடமி தளர்வாகக் கூறியிருப்பினும், நம் கடற்கரை ஊர்களில் பெருவழக்காயுள்ள ஷாஃபி மத்ஹபின் நூல்கள், திறந்த துவாரத்தின் வழியே உள்ளே செல்லும் பொருள் நோன்பை முறிக்கும் என்றே கூறுகின்றன. அவற்றை இஃப்தாருக்குப் பின் இட்டுக்கொள்வது பேணுதல். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் மருந்துக் குழலைப் பற்றி இன்றளவும் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அகாடமியும் அன்று முடிவு கூறாது ஒத்தி வைத்தது. இரு மத்ஹபுகளின் பழைய விதிப்படி அது முறிக்கும் என்பதே நான் படித்து அறிந்தது. ஆயினும் ஒன்றைத் திட்டமாகச் சொல்வேன்: மூச்சுத் திணறும்போது கருத்து வேற்றுமையை ஆராய வேண்டுவதில்லை, குழலை எடுத்து உறிஞ்சுங்கள். நெஞ்சுவலி கண்டவர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைக்கும் அதுவே விடை. களாவைப் பற்றி மறுநாள் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மாத்திரைகளின் வேளையை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. நாம் அறிந்துகொள்ள வேண்டியது, அவரிடம் என்ன கேட்பது என்பதைத்தான். நாளுக்கு ஒருமுறை உண்ணும் மருந்தை இஃப்தாருக்கோ சஹருக்கோ மாற்றுவது பெரும்பாலும் எளிது. இருமுறை உண்பதையும் அவ்விரு வேளைகளுக்கு மாற்றிவிடலாம். மூன்று முறை, நான்கு முறை உண்பதுதான் சிக்கல். அதே நோய்க்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து உண்டா என்று கேளுங்கள். பல நோய்களுக்கு உண்டு. சர்க்கரைக்கு உண்ணும் மெட்ஃபார்மினால் சர்க்கரை மிகக் குறைந்துபோகும் அபாயம் சிறிது. கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளால் அது மிகுதி; அவற்றை நோன்புக்கு முன் மாற்றித் தருவதுண்டு. இன்சுலினின் அளவையும் சஹர் வேளைக்கு மருத்துவர் குறைத்துத் தருவார். எவ்வளவு என்பதைப் பக்கத்து வீட்டாரின் சீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை உண்பவர், அதைச் சஹரில் உண்டால் பகலில் நீர் வற்றிச் சோர்வார். அதையும் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் உண்ண வேண்டியது. சஹர் உணவுக்கு அரைமணி முன்போ, இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போதோ உண்ணலாம். வலிப்பு நோய்க்கான மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. அந்நோயாளிக்கு இரவில் தூக்கம் குறைவதும் கேடு.

மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நம்பிக்கையும் திறமையுமுள்ள முஸ்லிம் மருத்துவர் என்றே பழைய ஃபிக்ஹு நூல்களில் நிபந்தனை எழுதப்பட்டிருப்பது உண்மை. ஆனால் மக்காவிலிருந்து மதீனாவுக்கு உயிருக்கே ஆபத்தான ஹிஜ்ரத் பயணத்தில், வழிகாட்டியாக நாயகம் (ஸல்) அவர்கள் அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்பொழுது முஸ்லிம் அல்லர். பாலைவனத்து வழியை நன்கறிந்தவர், நம்பத் தகுந்தவர் என்ற தகுதியே பார்க்கப்பட்டது. தம் துறையில் தேர்ந்த, நேர்மையான மருத்துவர் எவராயினும் அவர் சொல்லை ஏற்கலாம் என்று பிற்கால உலமாக்கள் பலர் கூறியிருக்கிறார்கள். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நமக்கு வைத்தியம் செய்து வரும் மாற்றுமதச் சகோதர மருத்துவர்கள் பலர், சஹர் எத்தனை மணிக்கு முடிகிறது, மஃரிப் எத்தனை மணிக்கு என்று அவர்களே கேட்டுச் சீட்டு எழுதுவதைக் காண்கிறோம். அவர்கள் சொல்லைச் சந்தேகிப்பது நன்றியுமன்று, அறிவுமன்று.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. சஹருக்கு வீட்டில் முதலில் எழுபவர் தாய். கடைசியில் உண்பவரும் அவரே. எல்லோருக்கும் பரிமாறி முடித்து அவர் தட்டைக் கையில் எடுக்கும்போது நேரம் முடிந்துவிட்டது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். அரைவயிற்றோடும் ஒரு வாய்த் தண்ணீரோடும் நிய்யத் வைத்துக்கொள்கிறார். மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருக்கும். மாலையில் மூன்று மணிக்கெல்லாம் அடுப்படிக்குச் சென்று, அனலில் நின்று, கஞ்சியும் வடையும் வாடாவும் சமைக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருந்தால், வீட்டில் மிகுந்த ஆபத்தில் இருப்பவர் அவரே. சஹரில் பரக்கத் உண்டு, அதனைத் தாமதித்து உண்ணுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது ஆண்களுக்கு மட்டுமா? சஹரில் முதல் தட்டைத் தாய்க்கு வைத்துவிட்டு மற்றவர்கள் எடுத்துண்ணும் வழக்கத்தை இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் தொடங்கிப் பாருங்கள். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் பெண்ணும், தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சினால் நோன்பை விட மார்க்கம் அனுமதிக்கிறது. மாமியார்மார்கள் இதில் குறுக்கே நிற்க வேண்டாம்.

நோன்பு திறக்கும் உணவைக் குறித்து நான் அதிகம் கூறப்போவதில்லை. எல்லோரும் அறிந்தும் கைக்கொள்ளாத விஷயம் அது. பேரீத்தம்பழமும் தண்ணீரும் சுன்னத். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பழம் போதும். ஏழெட்டு உண்பது சுன்னத்தன்று. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்த்துக் காய்ச்சும் நம் நோன்புக் கஞ்சி, பசித்த வயிற்றுக்கு இதமானது. நீரும் உப்பும் உடலுக்குத் தருவது. அதோடு நான்கு சமோசா, இரண்டு வடை, ஒரு குவளை ரோஸ் மில்க் என்று சேரும்போதுதான் பகலெல்லாம் ஓய்ந்திருந்த வயிறு திணறுகிறது. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், இஃப்தாரிலிருந்து சஹர் வரை சிறிது சிறிதாக அருந்துவது நலம். பாங்கு ஒலித்ததும் பேரீத்தம்பழத்துக்கு முன் சிகரெட்டைத் தேடுவோருக்கு என்ன சொல்வது! பதின்மூன்று மணி நேரம் அதை விட்டிருக்க முடிந்தவருக்குப் பதினான்காவது மணியிலும் முடியும்.

உடற்பயிற்சியைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். நோன்பு இரண்டாம் ஆண்டில் கடமையாயிற்று. அவ்வாண்டு ரமளான் பிறை 17இல்தான் பத்ருப் போர் நடந்தது. இஸ்லாமிய வரலாற்றில் ரமளான் படுத்துறங்கும் மாதமாக இருந்ததில்லை. 2021 ஏப்ரலில் இங்கிலாந்தில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் என்னும் இரு கால்பந்துக் குழுக்கள் ஆடிய ஆட்டத்தில், சூரியன் மறைந்த நேரத்தில் ஆட்டம் சற்றே நிறுத்தப்பட்டது. வெஸ்லி ஃபொஃபானா என்ற ஆட்டக்காரர் எல்லைக் கோட்டருகே சென்று நோன்பு திறந்து வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். நோயற்ற இளைஞனின் உடல் அதனைத் தாங்கும். ஆயினும் வெயில் நேரத்தில் ஓடுவதும், நாவறண்ட நிலையில் எடை தூக்குவதும் அவனுக்கும் நல்லதன்று. இஃப்தாருக்குச் சற்று முன் மெதுவான நடை, அல்லது உண்டு ஓரிரு மணி நேரம் கழித்துப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கொள்பவர் மாலை நேரத்தில் வேகமாக நடப்பதை இம்மாதம் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மிகக் குறையும் வேளை அதுவே.

அத்தகையோருக்குத் தராவீஹே ஒரு பயிற்சி. 20 ரக்அத்துகளில் 40 ஸஜ்தாக்கள்; வித்ரையும் சேர்த்தால் இன்னும் மிகும். நான் முன்னர்க் குறிப்பிட்ட வழிகாட்டி நூலில் மருத்துவர்களே தராவீஹை அன்றாட உடற்பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சிறிதளவேனும் உண்டு, தண்ணீரும் உடன் கொண்டு பள்ளிக்குச் செல்லுங்கள். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சலுகையைப் பற்றி இத்துணை எழுதியதைக் கண்டு, இலேசான தலைவலிக்கும் பரீட்சைக்கும் கடைவீதி அலைச்சலுக்கும் நோன்பை விடுவோர் மகிழ வேண்டாம். நோயினால் கடும் துன்பம், நோய் வளருதல், குணமடைவது தாமதமாதல் ஆகியவற்றை அனுபவத்தாலோ மருத்துவர் சொல்லாலோ அறிந்தவருக்கே அச்சலுகை. காலையில் சோம்பலாக இருந்தது என்று கஞ்சித் தொட்டியை மட்டும் மாலையில் தேடி வருவோர் வேறு வகையினர். மறுபக்கம், சர்க்கரை நோயாளிகள் யாவருமே நோன்பு நோற்கலாகாது என்று கருதுவதும் பிழை. உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரிரு மாத்திரைகளாலும் நோயை அடக்கி வைத்திருக்கும் பலர், மருத்துவரின் ஆலோசனையோடு முப்பது நோன்பையும் சுகமாக நோற்று முடிக்கிறார்கள். அதற்காகவே முன்கூட்டிக் கேளுங்கள் என்கிறேன்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஷஃபான் மாதத்தில் ஒரு ஞாயிறன்று பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மருத்துவரையும் ஓர் ஆலிமையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்துங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஆகும் செலவு, ஒருநாள் கஞ்சிச் செலவுக்கு மேற்போகாது. மருத்துவர் நோயைச் சொல்லட்டும். ஆலிம் சட்டத்தைச் சொல்லட்டும். ஒருவர் இலாகாவில் மற்றவர் தலையிட வேண்டாம். பெண்களுக்கு மதரஸாக் கட்டிடத்தில் தனியே ஏற்பாடு செய்யுங்கள். ஜும்ஆப் பயானில் கத்தீப் இதனை ஒருமுறையேனும் பேசட்டும். ரமளான் முதல் ஜும்ஆவில் நோன்பை விட்டவனுக்குரிய தண்டனையை மட்டும் முழங்கினால், அதைக் கேட்டு நடுங்குகிறவர் பெரும்பாலும் நோன்பை விடுகிற வாலிபராக இருப்பதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது நோயாளியாகவே இருக்கிறார்.

நோன்பை விட்டவர் செய்ய வேண்டியது யாது? குணமாகக் கூடிய நோயானால் விட்ட நோன்புகளை எண்ணி வைத்துப் பின்னர்க் களாச் செய்ய வேண்டும். குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளியும், தள்ளாத முதியவரும், ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யாவாக ஏழைக்கு உணவளிக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் கிரயம். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் பெண்ணும் குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், ஷாஃபி மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. சர்க்கரை நோயாளியாயினும், கோடையில் தாங்க முடியாத நோன்பைக் குளிர்காலத்தில் தாங்கக் கூடியவர் உண்டு. அவர் ஃபித்யா கொடுத்து முடித்துக்கொள்ளாமல் களாவாகவே நோற்க வேண்டும். நம் பகுதியில் மார்கழி, தை மாதத்துப் பகல், கோடைப் பகலைவிடக் குறுகியது, தாகமும் குறைவு. 2018இல் மே மாத நடுவே கத்திரி வெயிலில் தொடங்கிய ரமளான், ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாட்களாக முன்னேறி, 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வரவிருக்கிறது. விட்ட நோன்புகளைத் தொடர்ந்தாற்போல் நோற்க வேண்டும் என்பதும் இல்லை; மருத்துவர் அனுமதித்தால் வாரத்துக்கு ஒன்றாக, இரண்டாக நோற்கலாம். எண்ணிக்கையை மட்டும் நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.